அறிகுறி இல்லாத கேசு

நல்லம்பள்ளிக்கும் தருமபுரிக்கும் நடுவே, பைபாஸ் ஓரம், பொற்கோபுரம் மல்டி ஸ்பெஷாலிட்டி மருத்துவமனை என்று ஒன்று இருக்கிறது. அங்கே நோயாளிகளைக் குணப்படுத்துவதும் உண்டு. மூன்றாம் மாடிக்கு இடைஞ்சல் இல்லாத நேரமாகப் பார்த்து அதையும் செய்துகொள்வார்கள்.

மூன்றாம் மாடியில் இருப்பது ஆவணத் தர மேம்பாட்டுத் துறை. மனிதனுக்கு வரக்கூடிய ஒவ்வொரு கோளாறுக்கும் ஓர் ஆங்கில எழுத்தும் சில எண்களும் சேர்ந்த குறியீடு ஒன்று உண்டாம். யாருக்கு எந்தக் குறியீடு என்று தீர்ப்புச் சொல்வது அந்தத் துறை. குறியீடு கம்ப்யூட்டரில் ஏறினால்தான் ஸ்டோர் ரூம் திறக்கும். ஸ்டோர் ரூம் திறந்தால்தான் ஊசியோ பஞ்சோ டியூபோ வெளியே வரும். டாக்டர்களும் அங்கே இருந்தார்கள். குறியீடு வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்க யாராவது வேண்டுமல்லவா?

துறையின் தலைவர் இளம்பரிதி. அவர் டாக்டருக்குப் படித்தவர் இல்லை. ஆனால் டாக்டர்கள் கழுத்தில் தொங்கியதைவிட அவர் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டை பெரியது. ஆஸ்பத்திரி வாசலில் சாமி படத்துக்கு மேலே தங்க நிறத்தில் ஒரு வாசகம் எழுதியிருக்கும். அது அவர் எழுதி வைத்தது: 'எழுதப்படாதது நடக்காதது.'

அந்த வாசகத்தை மாதவராஜ் ஒருநாளும் படித்ததில்லை. ஏனென்றால் அவர் எப்போதும் பின்வாசல் வழியாகத்தான் வருவார். அவரிடம் ஒரு தண்ணீர் லாரி இருந்தது. தொப்பூர்ப் பக்கம் வற்றாத கிணறு ஒன்று இருந்தது. பொற்கோபுரம் திறந்த நாளிலிருந்து அந்தக் கிணற்றுத் தண்ணீரில்தான் அங்கே ஆபரேஷன் நடந்தது, இட்லி வெந்தது, இளம்பரிதி முகம் கழுவினார். பின்பக்கம் தரைக்குள் இரண்டு தொட்டிகள். ஒன்று வார்டுகளுக்கு, இன்னொன்று ஆபீஸ் மாடிக்கு. லாரி வந்து ஹாரன் அடித்தால் வாட்ச்மேன் மல்லையன் கேட்டைத் திறப்பார். வத்தல்மலைக்காரர், அதிகம் பேசமாட்டார். ஹோஸை மாட்டி விட்டால் வேலை முடிந்தது. இத்தனை வருஷத்தில் இதற்கு ஒரு துண்டுச் சீட்டு கிடையாது. இருக்கவும் முடியாது. ஏனென்றால் ஆஸ்பத்திரியின் ஆவணங்களில், வளாகத்தின் சொந்த ஆழ்துளைக் கிணறு இருபத்து நாலு மணி நேரமும் பொங்கிக்கொண்டிருந்தது. நிஜத்தில் அந்த போர்வெல் கட்டடம் எழும்பும்போதே வறண்டுவிட்டது. ஆவணத்தில் மட்டும் அது நாளுக்கு நாள் நன்றாக ஊறியது.

அறுபதைத் தாண்டிய மாதவராஜுக்குச் சில மாதமாகவே நீர்க்கடுப்பு. ஒரு லோடு கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் வழியில் இருக்கும் புளியமரத்துக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அதுவும் நின்று நின்று, கெஞ்சிக் கெஞ்சித்தான் வரும். ஒருநாள் காலையில் பொற்கோபுரத்தின் பின்பக்கம் லாரியை நிறுத்தி, வால்வைத் திறந்துவிட்டு, டயர் மறைவில் ஒதுங்கினார். தொட்டிக்குள் தண்ணீர் அருவியாகக் கொட்டிக்கொண்டிருந்தது. இவருக்கு ஒரு சொட்டு இல்லை. லோடு முழுக்க இறங்கி முடிந்தது. அப்போதும் இல்லை. அடிவயிறு கல் மாதிரி இறுகிக்கொண்டு வந்தது. பொண்டாட்டி காவேரிக்குப் போன் போட்டு வரச் சொல்லிவிட்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக முன்வாசல் வழியாக உள்ளே போனார்.

டாக்டர் அருள்குமார் நல்லவர். நல்லவர் என்பதைத் தவிர அவரிடம் வேறு குறை கிடையாது. கையுறை மாட்டி, மாதவராஜைச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுக்கச் சொல்லி, பார்க்க வேண்டியதை விரலால் பார்த்தார்.

"பிராஸ்டேட் வீங்கி வழியை அடைச்சிருக்குங்க. வயசானா பாதி ஆம்பளைங்களுக்கு வர்றதுதான். இப்போதைக்கு ஒரு டியூப் விட்டா உடனே சரியாயிடும்."

"விடுங்க சாமி. இப்பவே விடுங்க."

"குறியீடு வரட்டும்."

அவர் கம்ப்யூட்டரில் தட்டினார். டிங் என்று மூன்றாம் மாடியிலிருந்து ஒரு கேள்வி வந்தது. 'பிராஸ்டேட் பெரிதாக உள்ளது என்கிறீர்கள். எதைவிட?' எலுமிச்சம்பழத்தைவிட என்று டாக்டர் பதில் போட்டார். மறுபடி டிங். 'எலுமிச்சம்பழம் நமது அங்கீகரிக்கப்பட்ட அளவைகளில் இல்லை.' டாக்டர் கிராமில் போட்டார். டிங். 'நோயாளி ஆண் என்பதற்கான கள ஆய்வுக் குறிப்பு இணைக்கப்படவில்லை.' டாக்டர் தன் வலதுகை விரலை ஒருதரம் பார்த்துவிட்டு, ஆண் என்று அடித்தார். டிங். 'இந்தப் பிராஸ்டேட் வீக்கம் அறிகுறிகளுடன் கூடியதா, அறிகுறிகள் அற்றதா? முன்னது எனில் சான்றுகளுடன் நோயாளி நேரில் வரவும்.'

"மேல போயிட்டு வந்துடுங்க" என்றார் டாக்டர். "சான்று குடுத்துட்டா அடுத்த நிமிஷம் டியூப் இறங்கிடும்."

"நீங்க பாத்தீங்களே, அதே போதாதுங்களா?"

"நான் பாத்தது வேற, சான்று வேற." இதைச் சொல்லும்போது டாக்டர் மேஜையைத்தான் பார்த்தார்.

லிஃப்டில் ஏறப் போனால், 'குறியீடு பெற்ற நோயாளிகளுக்கு மட்டும்' என்று அதில் ஒட்டியிருந்தது. மாதவராஜ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படியேறினார். பின்னால் வந்து சேர்ந்த காவேரி, கட்டின புருஷனைத் தாங்கிக்கொண்டும் ஆஸ்பத்திரிக்காரர்களின் பரம்பரையைத் திட்டிக்கொண்டும் ஏறினாள்.

இளம்பரிதி அவர்களை எழுந்து நின்று வரவேற்றார். மரியாதை என்று அங்கீகாரக் கையேட்டில் ஒரு தனி அத்தியாயமே இருந்தது.

"உக்காருங்க ஐயா. உங்களுக்கு 'N' நாப்பது புள்ளி சைபரா, 'N' நாப்பது புள்ளி ஒன்னாங்கறதுதான் இப்ப பிரச்சனை. சைபர்னா வீக்கம் மட்டும். ஒன்னுன்னா வீக்கத்தோட அறிகுறியும் இருக்கணும். அந்த ஒவ்வொரு அறிகுறிக்கும் தனிக் குறியீடு. ரொம்ப அழகான ஏற்பாடு."

"ஒன்னுக்கு வரலீங்க சார். வயிறு வெடிச்சிரும் போல இருக்குதுங்க."

"எல்லா நோயாளியும் இதைத்தான் சொல்றாங்க." இளம்பரிதி அன்பாகச் சிரித்தார். "ஐயா, நோயைக் கண்டுபிடிக்கறது பெரிய காரியமில்லை. அதை டாக்டரே பண்ணிடுவாரு. நோயை எழுதறதுதான் கஷ்டம். ஒரு நோயைச் சரியா எழுதி முடிச்சா எனக்கு எவ்வளவு நிம்மதியா இருக்கும்னு உங்களுக்குப் புரியாது. போன மாசம் ஒருத்தருக்கு அறுபத்தி மூணு குறியீடு போட்டோம். இந்த ஜில்லாவுலயே அப்படி ஒரு ஃபைல் கிடையாது. அவரு பொழைச்சிருந்தா கூப்பிட்டுக் காட்டியிருப்பேன்."

பிறகு ஏழு கேள்விகள். கடந்த ஒரு மாதத்தில் சிறுநீர் கழித்து முடித்தபின் முழுதாகக் காலியாகவில்லை என்ற எண்ணம் எத்தனை தடவை ஏற்பட்டது? ஒருபோதும் இல்லையா, ஐந்தில் ஒரு தடவைக்கும் குறைவா, பாதிக்கும் குறைவா, பாதி தடவையா, பாதிக்கும் மேலா, எப்போதுமேவா? இப்படியே நின்று நின்று வந்தது எத்தனை, அடக்க முடியாமல் போனது எத்தனை, முக்கியது எத்தனை என்று போயிற்று. மாதவராஜின் நெற்றியில் வேர்வை அரும்பி மூக்கில் சொட்டியது.

"சார், போன மாசம் எல்லாம் வுடுங்க. இப்ப, இந்த நிமிசம் செத்துருவன் போல இருக்குதுங்க."

"இந்த நிமிஷத்துக்கு இதுல இடம் இல்லை ஐயா. கடைசிக் கேள்வி ஒன்னு இருக்கு, அது ரொம்ப மனிதாபிமானமான கேள்வி." இளம்பரிதி குரலை இளக்கிக்கொண்டு படித்தார். "உங்கள் சிறுநீர் நிலைமை இப்போது இருப்பது போலவே மீதி ஆயுள் முழுதும் இருந்தால் உங்கள் மனம் எப்படி இருக்கும்? மகிழ்ச்சி, திருப்தி, ஓரளவு திருப்தி, இரண்டும் கலந்தது, ஓரளவு அதிருப்தி, வருத்தம், பயங்கரம். எதுன்னு போடட்டும்?"

"ஏன்யா, உனக்கு மனசாட்சி இருக்குதா?" என்றாள் காவேரி.

"துணைக்கு வந்தவங்க கருத்துக்குக் கட்டம் இல்லைம்மா."

பயங்கரத்தில் டிக் விழுந்தது. அது வெறும் வாய்மொழி என்பதால் மிஷின் சான்றும் வேண்டும் என்றார் இளம்பரிதி. பக்கத்து அறையில் ஒரு மிஷின்; அதன் தலையில் புனல். அதில் சிறுநீர் கழித்தால், வேகம் எவ்வளவு, அளவு எவ்வளவு என்று வரைபடம் வரும். வேகம் குறைவு என்று வரைபடம் காட்டினால் குறியீடு உடனே கிடைத்துவிடும்.

"வரலைங்கறதுக்குத்தானே சார் நானே வந்திருக்கறன்?"

"புரியுது. ஆனா வரலைங்கறதை மிஷின் சொல்லணும். அதுக்குக் குறைஞ்சது நூத்தம்பது மில்லியாவது போகணும். அதுக்குக் கீழே மிஷின் ஏத்துக்காது."

"அவ்வளவு போனா நான் வூட்டுக்கே போயிருவனே!"

"அது உங்க விருப்பம்."

மாதவராஜ் புனலுக்கு முன்னால் நின்றார். சாமியை வேண்டினார். கண்ணை மூடிக்கொண்டு தன் லாரி வால்வை நினைத்துப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. மிஷின் ஒரு வெற்றுக் காகிதத்தைத் துப்பியது. அதன் அடியில் 'நோயாளி ஒத்துழைக்கவில்லை' என்று அச்சாகியிருந்தது.

"தண்ணி குடிக்கலைன்னா எப்படி வரும்?" என்றார் இளம்பரிதி. ஒரு ஜக் நிறைய வந்தது. மாதவராஜ் மாட்டேன் என்றார். குடிக்காவிட்டால் ஃபைலை மூட வேண்டியிருக்கும் என்றார்கள். குடித்தார். வாயில் வைத்ததுமே தெரிந்துவிட்டது, அவர் கிணற்றுத் தண்ணீர். தன் லாரியில் தானே கொண்டுவந்து இறக்கிய தண்ணீரைத் தன் வயிற்றுக்குள் ஊற்றித் தன்னையே கொல்கிறார்கள் என்பதை நினைத்தபோது அவருக்கு அழுகை வந்தது. அதுவாவது வந்ததே என்று இருந்தது.

இரண்டாம் முறையும் வெற்றுக் காகிதம். மூன்றாம் முறை மாதவராஜ் புனலைப் பிடித்துக்கொண்டே முட்டி மடங்கி உட்கார்ந்துவிட்டார். இளம்பரிதி சாப்பாட்டுக்குப் போயிருந்தார்.

அந்த வழியாகப் போன நர்ஸ் சசிகலா, காவேரி போட்ட கூச்சலில் உள்ளே எட்டிப் பார்த்தாள். மொரப்பூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறவள். தண்ணீர் லாரிக்காரரை அவளுக்கு முகம் தெரியும். சட்டையை விலக்கி அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். அது நிறைமாதம் போல் இருந்தது.

"யாருமே டியூப் போடலையா?"

"குறியீடு இல்லியாம் கண்ணு" என்றார் மாதவராஜ்.

சசிகலா ஒரு கெட்ட வார்த்தை சொன்னாள். அதற்கும் குறியீடு இல்லை. "பெரிம்மா, எதுத்தாப்ல மெடிக்கல்ல டியூப் ஒன்னு, பை ஒன்னு, ஜெல்லு ஒன்னு கேட்டு வாங்கிட்டு ஓடியாங்க" என்று காவேரியை விரட்டினாள். பிறகு மாதவராஜை டிரெஸ்ஸிங் ரூமுக்குத் தாங்கிக் கூட்டிப் போய், வாங்கி வந்த காவேரியைக் கதவுக்கு வெளியே காவல் வைத்தாள். வழியில் எதிர்ப்பட்ட டாக்டர் அருள்குமாரிடம் கண்ணால் கேட்டாள். டாக்டர் தலையை மட்டும் ஆட்டிவிட்டு, ஜன்னல் வழியே தெரிந்த தென்னைமரத்தை அக்கறையாகப் பார்க்கப் போய்விட்டார்.

டியூப் இறங்கியது. பை நிறைந்தது, காலி செய்தாள், மறுபடி நிறைந்தது. மாதவராஜ் தாலி கட்டிய நாளில்கூட அப்படி ஒரு சுகத்தை அனுபவித்ததில்லை. அதை, உள்ளே வந்து பக்கத்தில் நின்ற காவேரியிடமே சொன்னார். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "நீ நல்லா இருக்கணும் கண்ணு" என்று சசிகலாவின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

சாப்பிட்டு வந்த இளம்பரிதி, நோயாளி எழுந்து உட்கார்ந்து டீ குடிப்பதைப் பார்த்துத் திடுக்கிட்டார்.

"இப்ப வலி இருக்கா?"

"இல்லீங்க. சாமி புண்ணியத்துல நல்லா இருக்கறன்."

"வயிறு இறுக்கம்? அடைப்பு?"

"ஒன்னும் இல்லீங்க."

இளம்பரிதி திருப்தியாகத் தட்டச்சு செய்தார். "'N' நாப்பது புள்ளி சைபர். அறிகுறி இல்லாத கேசு. நீங்க வூட்டுக்குப் போலாம்."

"டியூப் மாட்டியிருக்குதே சார்? மேக்கொண்டு ஆபரேசன், மாத்திரை..."

"எந்த டியூப்? எங்க ஸ்டோர்ல இருந்து டியூப் எதுவும் போகலை. எழுதப்படாதது நடக்காதது ஐயா."

மாதவராஜ் தன் பையைத் தூக்கிக் காட்டினார். இளம்பரிதி அதைப் பார்க்க மறுத்துவிட்டார். ஆனால் அன்று சாயங்காலமே நடக்காத அந்தக் காரியத்துக்காகச் சசிகலாவை வேலையிலிருந்து நீக்கினார். 'குறியீடு ஏதுமற்ற நிலையில் நோயாளி ஒருவருக்கு நிவாரணம் அளித்து, மேற்படி அறிகுறிகளை ஆவணப்படுத்தும் முன்பே அழித்த குற்றத்துக்காக' என்று உத்தரவில் எழுதியிருந்தது. கூடவே, அவரைப் பற்றி விசாரிக்கும் எந்த ஆஸ்பத்திரிக்கும் இந்தக் குற்றம் தெரிவிக்கப்படும் என்றும் ஒரு வரி. அந்த ஒரு வரி போதும். சசிகலா அடுத்து ஏறி இறங்கிய மூன்று ஆஸ்பத்திரிகளிலும் அவள் பெயரைக் கேட்டதும் மூன்றாம் மாடிக்குப் போன் போட்டார்கள். பேசி முடித்ததும் இடம் இல்லை என்றார்கள்.

செய்தியை மல்லையன்தான் சொன்னார். மாதவராஜுக்கு அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை. தன்னைப் படுத்தியதைக்கூட அவர் மன்னித்திருப்பார் என்று நல்லவர்கள் யாராவது எழுதக்கூடும். பொய். அதையும் அவர் மன்னிக்கவில்லை. அந்த ஜக்குத் தண்ணீர் அவர் தொண்டையிலேயே நின்றுகொண்டிருந்தது. ஆனால் தன்னைக் காப்பாற்றிய ஒரே காரணத்துக்காக ஒரு பெண் வேலை இல்லாமல் வீட்டில் உட்கார்ந்திருக்கிறாள் என்பது அதைவிடப் பெரிதாக உறுத்தியது.

"அவனை வுடமாட்டன்" என்றார் காவேரியிடம்.

"வுட்டீங்கன்னா நான் உங்களை வுடமாட்டன்" என்றாள் அவள்.

சேலத்தில் ஒரு சின்ன நர்சிங் ஹோமில் ஆபரேஷனுக்கு நாள் குறித்துக் கொடுத்தார்கள். அதுவரை டியூப் இருக்கட்டும் என்றார்கள். மாதவராஜ் சிறுநீர்ப் பையை மஞ்சள் பைக்குள் போட்டு, லாரியில் கியருக்குப் பக்கத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, வழக்கம்போல் லோடு அடித்தார். பொற்கோபுரத்துக்கும் அடித்தார். காத்திருந்தார்.

காத்திருந்தது வீண்போகவில்லை. ஆஸ்பத்திரிக்குத் தரச் சான்று கொடுக்கும் அங்கீகார ஆய்வுக் குழு டெல்லியிலிருந்து வரப்போவதாக ஒருநாள் இளம்பரிதியே போன் செய்தார். "வெள்ளிக்கிழமை விடியறதுக்குள்ள வந்து ஊத்திட்டுப் போயிடுங்க ஐயா. லாரி அவங்க கண்ணுல படக்கூடாது. நமக்குச் சொந்த போர்வெல் இருக்குன்னு ஃபைல்ல போட்டிருக்கு."

"ஆவட்டும் சார்" என்றார் மாதவராஜ்.

வெள்ளிக்கிழமை விடிவதற்குள் அவர் வந்தார். வார்டுத் தொட்டியைத் தளும்பத் தளும்ப நிரப்பினார். படுத்திருக்கும் சனம் என்ன பாவம் செய்தது? ஆபீஸ் தொட்டிப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. போய்ச் சாப்பிட்டு, குளித்து, துவைத்த சட்டை போட்டு, இன்னொரு லோடு ஏற்றிக்கொண்டு, ஆய்வுக் குழு மூன்றாம் மாடியில் உட்கார்ந்த பிறகு மெதுவாக வந்தார். மல்லையன் ஒன்றும் கேட்காமல் கேட்டைத் திறந்தார். ஆபீஸ் தொட்டிக்குப் பக்கத்தில் லாரியை நிறுத்தி, ஹோஸை மாட்டாமல், ஸ்டியரிங் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

மேலே மைக் கட்டியிருந்தார்கள். இளம்பரிதியின் குரல் வளாகம் முழுக்கக் கேட்டது. "சென்ற ஆண்டில் இந்த மருத்துவமனையில் ஒரு நோயாளிகூடத் தவறான குறியீட்டுடன் இறக்கவில்லை என்பதைப் பெருமையோடு தெரிவித்துக்கொள்கிறேன்." கைதட்டல். "காயம் ஆறுகிறதோ இல்லையோ, ஆவணம் ஆறு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்." பலத்த கைதட்டல். "எங்கள் வற்றாத போர்வெல்லைப் போலவே எங்கள் சேவையும்..." இந்த இடத்தில் யாரோ அவர் காதில் ஏதோ சொன்னார்கள் போலிருக்கிறது. மைக் கரகரத்து அணைந்தது.

கொஞ்ச நேரத்தில் இளம்பரிதி, டை தோளுக்குப் பின்னால் பறக்க, பின்பக்கம் ஓடிவந்தார்.

"என்ன ஐயா இது? மேல குழாயில சொட்டுத் தண்ணி இல்லை! தலைமை ஆய்வாளர் வயசானவரு, வந்ததும் இளநீர் குடுத்துட்டோம். பாத்ரூம் போகணுங்கறாரு. ரூமைப் பூட்டிட்டு, கதவுக்கு பெயிண்ட் அடிச்சிருக்கு, காயலைன்னு சொல்லி வெச்சிருக்கேன். சீக்கிரம் திறந்து விடுங்க!"

மாதவராஜ் இறங்கினார். மஞ்சள் பை கையோடு இறங்கியது.

"சொல்லுங்க சார். தண்ணி கம்மியா வருதா, நின்னு நின்னு வருதா, சுத்தமா வரலையா?"

"வரலை, வரவே இல்லை!"

"எல்லாரும் இதைத்தான் சார் சொல்றாங்க. சான்று வேணுமே. மேல போயி குழாயைத் தொறந்து ஒரு குடம் புடிச்சிட்டு வாங்க. அது எவ்வளவு நேரத்துல ரொம்புதுன்னு பாத்துட்டு, வரத்து கம்மின்னு முடிவு பண்ணலாம்."

இளம்பரிதிக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது முகம் வெளுத்தது. "விளையாடாதீங்க. மேல டெல்லி ஆளுங்க இருக்காங்க."

"போன ஒரு மாசத்துல தொட்டி முழுசாக் காலியாவலைங்கற எண்ணம் எத்தனை தடவை வந்துச்சுங்க? பாதிக்கு மேலயா, எப்பவுமேவா?"

"ஐயா, உங்களுக்கு என்ன வேணும்? சொல்லுங்க, பண்ணிடறேன்."

"கடைசிக் கேள்வி ஒன்னு இருக்குதுங்க. ரொம்ப மனிதாபிமானமானது." மாதவராஜ் அவரைப் போலவே குரலை இளக்கிக்கொண்டார். "இன்னிக்கு இருக்கறாப்லயே மீதி காலம் பூரா உங்க குழாயில தண்ணி வரலைன்னா உங்க மனசு எப்புடி இருக்கும்? மகிழ்ச்சியா, திருப்தியா?"

"பயங்கரம்" என்றார் இளம்பரிதி. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிப் பழகிய வாய்.

"சரி. சசிகலாவை வேலைய வுட்டு எடுத்தீங்களே, அது தப்புன்னு எழுதுங்க. அவ பண்ணது சரியான வைத்தியம், உத்தரவு ரத்து, எவன் போன் பண்ணிக் கேட்டாலும் இதைத்தான் சொல்லுவோம்னு எழுதுங்க."

"மேல போனதும் கண்டிப்பா..."

"வாயில சொன்னா ஆவாதுங்க. எழுதப்படாதது நடக்காதது."

லாரியின் பம்பர் மேல் லெட்டர்ஹெட்டை வைத்து இளம்பரிதி எழுதினார். நல்ல கையெழுத்து, அவசரத்திலும் பிழை இல்லை. தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு, பாக்கெட்டிலிருந்து எடுத்து ரப்பர் ஸ்டாம்பும் குத்தினார். ஸ்டாம்பும் லெட்டர்ஹெட்டும் இல்லாமல் அவர் எங்கேயும் போவதில்லை. மாதவராஜ் அதை எழுத்துக் கூட்டி இரண்டு தடவை படித்தார். மல்லையனிடம் கொடுத்து, அவர் போனில் படம் எடுத்துச் சசிகலாவுக்கு அனுப்பியதையும் பார்த்துக்கொண்டார். பிறகு காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு லாரியில் ஏறி ஸ்டார்ட் செய்தார்.

"தண்ணி!" என்று கத்தினார் இளம்பரிதி.

"தண்ணிக்கும் ஒன்னு எழுதிக் குடுங்க. எங்க ஆஸ்பத்திரியில தண்ணி இல்லை, போரு வறண்டு போச்சு, லோடு ஒன்னு ஊத்துங்கன்னு. ஊத்திட்டுப் போறன்."

இளம்பரிதி பேனாவைத் திறந்தார். மூடினார். மாடியைப் பார்த்தார். "அதை எப்படி ஐயா எழுதறது? எங்க ஃபைல்ல போர்வெல் ஓடுதே."

"அப்ப உங்களுக்குத் தண்ணிக் கஷ்டமே இல்லீங்களே சார்." மாதவராஜ் முதல் கியரைப் போட்டார். "அறிகுறி இல்லாத கேசு. நீங்க வூட்டுக்குப் போலாம்."

கேட்டைத் தாண்டியதும் அவர் லாரியைத் தருமபுரிப் பக்கம் திருப்பினார். அந்த லோடு மொரப்பூருக்கு என்று காலையிலேயே முடிவு செய்தாகிவிட்டது. சசிகலாவின் தெருவில் குடிதண்ணீர் வந்து வாரமாகிறது என்று காவேரி விசாரித்து வைத்திருந்தாள். காகிதத்தை அவள் கையிலும் தண்ணீரைத் தெருவுக்கும் கொடுத்துவிட்டு வரலாம்.

ஊரைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தபோது மல்லையன் போன் செய்தார். அதிகம் பேசாத மனிதர் அன்றைக்கு மூச்சு விடாமல் பேசினார்.

"அண்ணா, அந்த டெல்லி அய்யா அடக்க முடியாம கீழ எறங்கி வந்துட்டாருங்க. இவரு வேணாம் வேணாம்னு பின்னாடியே ஓடியாறாரு. வார்டு பாத்ரூம்ல வரிசை நிக்குது, ஒதுங்கறதுக்கு மறைவுன்னா நம்ம போர் ஷெட்டுதானுங்களே, அங்க பூந்துட்டாரு. அவருக்கும் உங்க வியாதிதான் போல, லேசுல வரலை. நின்ன நேரம் பூரா போரையே பாத்துக்கிட்டு நின்னாரு."

"அப்பறம்?"

"போர் வாய் மேல ரோசாத் தொட்டி வெச்சிருக்கறமே, வேலை முடிஞ்சதும் அதை நகத்திப் பாத்தாரு. ஒரு கல்லை எடுத்து உள்ள போட்டாரு. காதை வெச்சுக் கேட்டாரு. தண்ணிச் சத்தம் எங்க வருது? பாறையில டொக்குன்னுச்சு."

"இளம்பரிதி என்னா சொன்னாரு?"

"ரோசாத் தொட்டியைத் திரும்ப போர் வாய் மேல நகத்தப் பாத்தாருங்க. அந்த அய்யா அங்கயே ஒரு கல்லு மேல உக்காந்து பேனாவை எடுத்தாரு. எழுத ஆரம்பிச்சவரு இன்னும் நிறுத்தலீங்கண்ணா. பக்கம் பக்கமா எழுதறாரு."

மாதவராஜ் வண்டியை ஓரம் கட்டினார். சிரித்ததில் டியூப் இழுத்து வலித்தது. வலித்தாலும் சிரித்தார்.

"எழுதட்டும் மல்லையா" என்றார். "எழுதுனாத்தான் நடந்ததாவும்."